வாசகர் வட்டத்துக்கு எந்தத் துப்பறியும் நாவல்?

மொரீஷியஸில் தமிழ் வாசகர் வட்டம் நடத்துபவர்களுக்கு முதல் தலைவலி புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். ரோஸ் ஹில்லில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் எச்.எஸ்.சி. வரை தமிழ் எடுத்துப் படித்துவிட்டு இப்போது வங்கியிலும் ஹோட்டலிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தேவாரம் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், ஆனால் ஒரு தமிழ் நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது க்ரியோல், படிக்கும் செய்தித்தாள் பிரெஞ்சு, அலுவலகக் கடிதம் ஆங்கிலம். தமிழுக்கு மிஞ்சுவது கோயிலும் இந்த ஒரு மாலையும்தான். ஆகவே இந்தக் குளிர்காலத்துக்குக் கொலைக் கதை வேண்டும், அதிலும் போலீஸ்காரர் அல்லாத தனியார் துப்பறிவாளர் வருகிற நாவலாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சிதான். கனமான சமூக நாவலைப் பாதியில் மூடி வைப்பதைவிட, ஒரு கொலையின் முடிவு தெரியும்வரை இருநூறு பக்கம் படிப்பது தமிழுக்கு நல்லது.

எது என்பதில்தான் ஒற்றுமை வரவில்லை. வந்த யோசனைகள் மூன்று வகை. ஆங்கிலத்தின் பழைய புதிர்க் கதைகளைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படிக்கலாம் என்றார்கள் ஆசிரியர்கள். பிரெஞ்சில் வளர்ந்தவர்கள் இருண்ட நகரத்துக் கதைகளை, அதாவது 'ரோமான் நுவார்' வகையைக் கேட்டார்கள். தமிழ்நாட்டுப் பாக்கெட் நாவல் போதும் என்றார்கள் இளைஞர்கள். மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினால் திறந்துதான் ஆக வேண்டும். அவரிடம் சட்டம் இருக்கிறது, வாரண்ட் இருக்கிறது, விலங்கு இருக்கிறது. தனியார் துப்பறிவாளரிடம் இவை எதுவும் இல்லை. "உனக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்?" என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே கேட்கலாம். அதனால் ஒவ்வொரு பதிலையும் அவர் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது: மரியாதையால், காசால், பொய்யால், சில நேரம் வெறும் பொறுமையால். கொன்றது யார் என்பது கடைசியில் ஒரு பெயர். அந்தப் பெயருக்குப் போகும் வழியில் மூடிய வாய்கள் எப்படித் திறக்கின்றன என்பதுதான் இந்த வகை நாவலின் ருசி. உண்மை வாழ்க்கையிலும் இந்தத் தொழில் அப்படித்தான் பிறந்தது. முன்னாள் கைதியாகவும் பிறகு பாரிஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவின் தலைவராகவும் இருந்த விதோக், அரசு வேலையை விட்டபின் 1833இல் சொந்தமாக ஒரு விசாரணை அலுவலகம் திறந்தார். அதிகாரம் போய்விட்டது, ஆட்களைப் பேசவைக்கும் சாமர்த்தியம் மட்டும் மிச்சம் இருந்தது.

இந்தத் தீவில் வாழ்பவர்களுக்கு இந்த ருசி கூடுதலாகவே புரியும். சுமார் 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பில் பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள். புதிதாக ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதல் கேள்வியே "நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். இன்ஸ்பெக்டர் யாருக்காவது மைத்துனராக இருப்பார், சாட்சி யாருக்காவது சம்பந்தியாக இருப்பார். எல்லோரும் தைப்பூசக் காவடியில் ஒன்றாக நடந்தவர்களாக இருப்பார்கள். ஒரு தெருவே சேர்ந்து ஒரு விஷயத்தை எப்படி மறைக்கும் என்பதை நாங்கள் நாவலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் ஓர் ஆள் அதை எப்படி வெளியே கொண்டுவருகிறார் என்பதைத்தான் படிக்க ஆசைப்படுகிறோம்.

இனி தேர்வுக்கு வருவோம். புதிர்க் கதைகளில் அகதா கிறிஸ்டியின் பெயர் உடனே வந்தது, குறிப்பாக 1926இல் வந்த 'ரோஜர் அக்ராய்ட் கொலை'. பிரெஞ்சு வாசகர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு. மஞ்சள் அட்டையோடு புகழ்பெற்ற 'ல மாஸ்க்' வரிசை 1927இல் தொடங்கியபோது அதன் முதல் புத்தகம் இதுதான். ஓய்வுபெற்று, ஒரு கிராமத்தில் பூசணி வகைக் காய் வளர்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெல்ஜியக்காரர் பக்கத்துக் கொலையில் இழுக்கப்படுகிறார். அவர் அந்நியர். கிராமத்தாருக்கு அவர் பேச்சும் மீசையும் வேடிக்கை. அந்த வேடிக்கையையே அவர் ஆயுதமாக்கிக்கொள்கிறார்: சிரிக்கத்தக்க ஆளிடம் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. என் அளவுகோலில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது.

புதிர்க் கதைகளின் நேர்மையும் எனக்குப் பிடிக்கும். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் இதற்குப் பத்து விதிகளே எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். துப்பறிவாளருக்குத் தற்செயல் கைகொடுக்கக் கூடாது. (இந்த இரண்டாவது விதியைப் பார்த்தால் நம்முடைய துப்பறியும் சாம்பு வேலையை ராஜினாமா செய்துவிட வேண்டியதுதான். தேவன் படைத்த அந்த அப்பாவி பாங்கு குமாஸ்தா வெற்றி பெறுவதெல்லாம் தற்செயலால்தான். சாம்புவை ஒருநாள் தனியாகப் படிக்க வேண்டும். ஆனால் அது கொலையைவிடச் சிரிப்புக்கான புத்தகம்.)

இருந்தும் 'அக்ராய்ட்' எங்கள் வட்டத்துக்கு ஆகாது. அந்த நாவல் முழுவதும் ஒரே ஓர் அதிர்ச்சியின்மேல் நிற்கிறது. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ அதைப் படித்தவர்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எங்களில் பாதிப்பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் அர்த்தத்தோடு புன்னகைத்தாலே மற்றவர்களுக்குக் கதை போயிற்று. தெரிந்தவரும் தெரியாதவரும் கலந்து உட்காரும் கூட்டத்தில் ஒற்றை அதிர்ச்சியை நம்பியிருக்கும் நாவலைப் படிக்க முடியாது. தனியாகப் படிப்பவர், முடிவு தெரியாதவர், இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள்.

இரண்டாவது வகைக்காக மிகவும் ஆர்வமாக வாதாடியவர் எங்கள் இளைய உறுப்பினர் ஒருவர். 1945இல் பாரிஸில் தொடங்கிய 'செரி நுவார்' வரிசைப் புத்தகங்களை அவர் தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இங்கே துப்பறிவாளர் கனவான் அல்லர், கூலிக்காரர். 1939இல் வந்த ரேமண்ட் சாண்ட்லரின் முதல் நாவலில் அவர் கதாநாயகனின் கூலி நாளொன்றுக்கு 25 டாலர், செலவு தனி. அவர் எழுதுவதற்கு முன்பே டாஷியல் ஹாமெட் இந்த வகைக்கு வழி போட்டுவிட்டார். ஹாமெட் 1915இல் பிங்கர்ட்டன் என்ற உண்மையான துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்து வேலை செய்தவர். தெருவோரம் நின்று ஓர் ஆளை மணிக்கணக்கில் பின்தொடர்வதன் அலுப்பு என்னவென்று அனுபவத்தில் அறிந்தவர். அவர் கதைகளில் அடி விழுந்தால் உண்மையிலேயே வலிக்கும்.

இந்த வகையில் புதிர் முக்கியமே இல்லை. சாண்ட்லரின் அந்த நாவலைப் படமாக எடுத்தபோது, கதையில் வரும் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று எழுத்தாளரையே கேட்டார்களாம். தனக்கும் தெரியாது என்றாராம். புதிர்க் கதை ஆசிரியர் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் அவரை வாசகர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். இங்கே யாரும் கவலைப்படவில்லை. வாசகருக்கு வேண்டியது விடையைவிட அந்த நகரம்தான்: பணக்காரர் வீட்டு வரவேற்பறை, அதன் பின்வாசல், அங்கிருந்து போலீஸ் நிலையம் வரை போகும் லஞ்சத்தின் பாதை. எல்லாக் கதவுகளுக்குள்ளும் போகக்கூடிய ஒரே ஆள் தனியார் துப்பறிவாளர். எங்கும் அவருக்கு நாற்காலி போடமாட்டார்கள்.

பிரெஞ்சில் இதற்கு நல்ல உதாரணம் லெயோ மாலேயின் நெஸ்டர் பர்மா. பெயரைக் கேட்டதும் ரங்கூன் நினைவு வரும். ஆனால் ஆள் சுத்தப் பாரிஸ்காரர். 1943இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்தபோதே வந்த முதல் நாவலில், போர்க் கைதி முகாமிலிருந்து திரும்பும் அவர் லியோன் ரயில் நிலையத்தில் தன் பழைய உதவியாளரைப் பார்க்கிறார்; அடுத்த நொடி அந்த உதவியாளர் சுடப்படுகிறார்; சாகுமுன் ஒரு முகவரியை மட்டும் சொல்கிறார். பிறகு 1950களில் மாலே பாரிஸின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நாவல் என்று எழுதத் தொடங்கினார். இருபது வட்டாரமும் முடியவில்லை. போர்ட் லூயியை, குவாத்ர் போர்னை, மஹேபூரை இப்படி ஊருக்கு ஒரு கொலையாக எழுதத் தமிழில் யாராவது வருவார்களா என்று ஏங்குவேன்.

ஆனால் இங்கே தடை மொழி. இந்தக் கதைகளின் உயிர் தெருப் பேச்சில் இருக்கிறது. அதைத் தமிழில் கொண்டுவருவது மிகக் கடினம். வந்தாலும் எந்தத் தெருவின் தமிழில் என்ற கேள்வி எழும். பிரெஞ்சில் படித்துவிட்டுத் தமிழில் விவாதிக்கலாம் என்றார் அந்த இளையவர். அப்படிச் செய்தால் அரை மணியில் விவாதமும் பிரெஞ்சுக்குப் போய்விடும். இதை எங்கள் வட்டத்தை அறிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். இன்னொரு மனத்தாங்கலும் எனக்கு உண்டு: இந்த வகையில் அழகான பெண் என்றால் அவள்மேல் சந்தேகம் தானாகவே வந்துவிடுகிறது. ஒரு நாவலில் அது சுவை, நான்காவது நாவலில் சலிப்பு. இரவு தனியாக, மழை பெய்யும்போது, பிரெஞ்சில் படிக்க இதைவிட நல்ல வகை இல்லை. வட்டத்துக்கு வேண்டாம்.

பாக்கெட் நாவல்களைப் பற்றி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டின் பஸ் நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் மாதாமாதம் தொங்கிய அந்த மெல்லிய புத்தகங்கள் எத்தனையோ பேருக்குப் படிக்கும் பழக்கத்தைக் கொடுத்தன. சாணித் தாள், மிரட்டும் அட்டைப்படம், ஒரே அமர்வில் முடியும் நீளம். தனியார் துப்பறிவாளர் என்ற நிபந்தனையைக் கறாராக வைத்தால் பெரிய பெயர்கள் சில கழன்றுவிடும். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். நீதிமன்றம் அவர்களுக்கு முதுகில் இருக்கிறது. ராஜேஷ்குமாரின் விவேக் அரசாங்க அதிகாரி. மிஞ்சுவது ஏஜென்ஸி நடத்தும் ஜோடிகள்: சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. 'சுபா' என்பதே சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்களின் கூட்டுப் பெயர்.

இந்த ஜோடிக் கதைகளின் பெரிய பலம், ஆணும் பெண்ணும் சேர்ந்து விசாரிப்பது. அவர் கேட்டால் மூடும் வாய் இவள் கேட்டால் திறக்கும். சமையலறைக்குள் போக அவருக்கு முடியாது, இவளுக்கு முடியும். மேற்கத்திய இருண்ட கதைகள் இதைப் பெரும்பாலும் தவறவிட்டன. நடுநடுவே வரும் சீண்டல் பேச்சு இன்றைக்குச் சில இடங்களில் நெளியவைக்கும் என்றாலும் வேகத்துக்கு அது உதவுகிறது. அத்தியாயம் முடியும் இடம்தோறும் ஒரு கொக்கி இருக்கும். படிக்கப் பழகுகிறவர்களுக்கு அந்தக் கொக்கியைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

குறையும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகள் பலவற்றில் நட்பான இன்ஸ்பெக்டர் ஒருவர் தயாராக இருப்பார். தடயவியல் அறிக்கை, தொலைபேசிப் பதிவு, பிரேதப் பரிசோதனை விவரம் எல்லாம் ஒரு காபிக்குள் கைக்கு வந்துவிடும். என் அளவுகோல் இங்கேதான் உடைகிறது: அதிகாரம் இல்லாதவரின் கஷ்டம் கதையில் தெரிவதில்லை. இரண்டாவது குறை நம் ஊருக்கே உரியது. நம் பிள்ளைகள் பள்ளியில் கற்றது எழுத்துத் தமிழ். பாக்கெட் நாவலின் வர்ணனை அவர்களுக்குத் தடையின்றி ஓடும். பாத்திரங்கள் வாயைத் திறந்ததும் சென்னைப் பேச்சு வரும், அங்கே தடுமாறுவார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு எளிதானது எதுவோ அதுவே இங்கே கடினம். இதை எண்ணாமல், மெல்லிய புத்தகம்தானே என்று புதியவர்களிடம் கொடுத்தால் அவர்கள் தங்கள் தமிழையே சந்தேகிப்பார்கள். நல்ல மொழிபெயர்ப்பில் உரையாடல் பெரும்பாலும் எழுத்துத் தமிழுக்கு அருகில் இருக்கும். படிக்கக் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் இவர்களுக்கு அது தெரிந்த தமிழ்.

எனவே மொழிபெயர்ப்புக்கே திரும்பினேன், ஆனால் கிறிஸ்டிக்கு அல்ல, ஷெர்லாக் ஹோம்ஸுக்கு. அங்கும் எல்லாம் சரிப்படாது. ஆர்தர் கானன் டாயில் எழுதிய ஹோம்ஸ் நாவல்கள் நான்கே. மற்ற 56 கதைகளும் சிறியவை. முதல் நாவல் 1887இல் வந்தது. பாதியில் கதை லண்டனை விட்டு அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போய்விடுகிறது, துப்பறிவாளர் காணாமல் போகிறார். கடைசி நாவலும் அப்படியே. 1890இல் வந்த இரண்டாவது நாவலில் ஆக்ராப் புதையலும் அந்தமான் சிறையும் வருகின்றன. நம் கடலின் கதையாயிற்றே என்று எடுத்தால், அந்தமான் பழங்குடி மனிதர் ஒருவரை மிருகம்போல் வரைந்திருக்கும் பக்கங்கள் தொண்டையில் நிற்கும். கப்பலில் கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

மிஞ்சுவது 'பாஸ்கர்வில் வேட்டை நாய்'. என் தேர்வு இதுதான்.

காரணம் அதன் பேய் நாய் அல்ல. ஒரு பணக்காரர் தன் தோட்டத்தில் இறந்துகிடக்கிறார். இதயக் கோளாறு என்று விசாரணை முடிந்துவிட்டது. போலீஸுக்கு அங்கே வேலையே இல்லை. சுமார் மூன்று மாதங்கள் கழித்து அவருடைய மருத்துவர் லண்டனுக்கு வந்து, உடலுக்கு அருகில் தான் பார்த்த ஒன்றைச் சொல்கிறார். பிரேத விசாரணையில் ஏன் சொல்லவில்லை? படித்தவன் மூடநம்பிக்கையை ஆதரிக்கிறான் என்று ஊர் சிரிக்கும் என்ற கூச்சம். அதிகாரத்திடம் மறைத்ததைத் தனி ஆளிடம் சொல்கிறார். நான் தேடிய காட்சி முதல் சில அத்தியாயங்களிலேயே கிடைத்துவிட்டது. யாரும் கொலை என்று சொல்லாத சாவுதான் தனியார் துப்பறிவாளரின் சொந்த நிலம்.

அடுத்த அத்தியாயங்களில் அதிகாரம் இல்லாத ஆள் எப்படி வேலை செய்கிறார் என்பதைப் பாருங்கள். செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய மிரட்டல் கடிதம் ஒன்று வருகிறது. வாரண்ட் இருந்தால் ஹோட்டல்களைச் சோதிக்கலாம். ஹோம்ஸிடம் அது இல்லை. ஒரு சிறுவனிடம் சில்லறை கொடுத்து, 23 ஹோட்டல்களின் குப்பைக்கூடைகளைத் தேடி வெட்டப்பட்ட தாளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். தொலைவில் உள்ள மாளிகையின் வேலைக்காரர் அன்று அங்கே இருந்தாரா என்று அறிய, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று ஒரு தந்தி அனுப்புகிறார். குதிரை வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு வண்டிக்காரரை வரவழைத்துக் காசு கொடுத்துக் கேட்கிறார். இவற்றில் எத்தனை பலித்தன, எத்தனை தவறின என்பதை நீங்களே படியுங்கள். வண்டிக்காரர் சொல்லும் பதிலை இங்கே எழுத என் கை துடிக்கிறது, எழுத மாட்டேன்.

பிறகு கதை டார்ட்மூர் சதுப்புக்குப் போகிறது. ஆள் குறைவு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், குடும்பச் சாபம் ஒன்றை எல்லோரும் பாதி நம்புகிறார்கள். நம்மூர் வாசகருக்கு இதற்கு முன்னுரை வேண்டியதில்லை. ஜூலை மாதத்துக் கியூர்பிப் தூறலில் படித்தால் பனி கூடுதலாகவே தெரியும். நடுவில் பல அத்தியாயங்களுக்குத் துப்பறிவாளர் கண்ணில் படமாட்டார். நண்பர் எழுதும் கடிதங்களும் நாட்குறிப்பும்தான் கதையை நகர்த்தும். ஆசிரியர்களுக்கு இது போனஸ்: நாவலுக்குள்ளேயே கடித நடை, நாட்குறிப்பு நடை, பழைய கையெழுத்துப் பிரதியின் நடை என்று மூன்று நடைகள்.

ஒரு பலவீனமும் உண்டு. குற்றவாளி யார் என்பதைக் கூர்ந்து படிப்பவர் கடைசிக்கு வெகு முன்பே சொல்லிவிடுவார். 'அக்ராய்ட்' போல மிரள வைக்காது. ஆனால் அதனாலேயே முன்பே படித்தவர்களும் கூட்டத்தில் கூச்சமின்றி உட்காரலாம்.

வாங்குவதற்குமுன் ஒன்றைப் பாருங்கள். சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்புகள் தமிழில் உலவுகின்றன. மூலத்தில் 15 அத்தியாயங்கள்; பொருளடக்கத்தில் அதற்குக் குறைவாக இருந்தால் எடுக்காதீர்கள். கடிதங்களும் நாட்குறிப்பும்தான் சுருக்குபவர்களின் கத்தரிக்கு முதலில் போகும்.

எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதற்கும் கதையே வழி காட்டுகிறது. 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் இது 1901 ஆகஸ்டிலிருந்து 1902 ஏப்ரல் வரை மாதத் தொடராக வந்தது. அத்தனை மாதம் எங்களால் இழுக்க முடியாது. முதல் கூட்டத்துக்கு லண்டனில் நடக்கும் ஐந்து அத்தியாயங்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஆறு முதல் பதினொன்று வரை. பதினொன்றின் கடைசி வரியில் நிறுத்தியே ஆக வேண்டும், அந்த வரி அதற்காகவே எழுதப்பட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு மிச்சம். பொறுக்க முடியாமல் முன்னதாகவே படித்து முடித்துவிடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு நரேந்திரன், வைஜயந்தி கதைகளை எடுத்து வைத்திருக்கிறேன். சென்னைப் பேச்சு புரியாத இடங்களில் ஆசிரியர்களைக் கேட்கட்டும், அவர்களும் அந்தச் சாக்கில் பாக்கெட் நாவலைக் கையில் எடுப்பார்கள்.